வில்லிபுத்தூரில் வாங்கிய இழைப்பு மெஷின்

என் வயதுக்காரர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், கொஞ்ச நேரத்தில் பேச்சு அப்பாக்களிடம் போய் நின்றுவிடுகிறது. கவனித்திருப்பீர்கள். முதலில் சர்க்கரை, பிறகு முழங்கால் வலி, அதற்குப் பிறகு அப்பா. ஒருவருடைய அப்பா பஸ்ஸில் கண்டெடுத்த பையைத் திருப்பிக் கொடுக்க அருப்புக்கோட்டை வரை போயிருக்கிறார். இன்னொருவருடைய அப்பா தராசுத் தட்டைத் தினமும் துடைத்துவிட்டுத்தான் கடையைத் திறந்திருக்கிறார். எல்லோருடைய அப்பாவும் நேர்மையாக வாழ்ந்து நேர்மையாகவே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் எழுந்து காப்பி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். நீங்களும் என்னை இழுத்து உட்கார வைத்துக் கேட்டதில்லை.

எங்கள் அப்பாவும் நல்ல மனிதர்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் நான் சொல்லப் போவது அவரைப் பற்றி மட்டும் இல்லை.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியன். எண்பதுகளின் நடுவில், வீட்டுக்குப் பின்னால் கிணற்றை ஒட்டித் தகரக் கொட்டகை ஒன்று போட்டார். அதில் மரப்பட்டறை வைக்க வேண்டும் என்று ஆசை. மரவேலை அவருக்குப் பரம்பரைத் தொழிலும் இல்லை, யாரும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. மில்லில் தச்சு செக்சனுக்கு மோட்டார் மாட்டப் போய், அங்கே ரம்பம் ஓடுவதைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட கிறுக்கு. புது மெஷின் வாங்க வழியில்லை. அதனால் பழைய மெஷின். மதுரையில் பழைய இரும்புக் கடைகள், மில்லில் கழித்துக்கட்டும் சாமான்களின் ஏலம், மூடிய பட்டறை எங்கே இருக்கிறது என்று விசாரிப்பது, இதுதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமை.

என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார். எனக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. அரை டிக்கெட்டுக்காகக் கண்டக்டரிடம் பதினொன்று என்பார். நான் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்காருவேன்.

முதலில் வந்தது ஒரு சாணை பிடிக்கும் மெஷின். கையால் சுற்றினால் நெஞ்சுச் சளிக்காரன் இருமுவது போலச் சத்தம் வந்தது. அப்பா கொட்டகைத் தரையில் அம்மாவின் பழைய சேலையை விரித்து அதைப் பிரித்துப் போட்டார். கழற்றும் ஸ்குரூக்கள் மாறிவிடக் கூடாது என்பதற்காக அம்மாவின் நசுங்கிய இட்லித் தட்டை எடுத்துக்கொண்டார். ஒரு குழிக்கு ஒரு பாகத்தின் ஸ்குரூ. நான் அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு, எந்தக் குழி எதற்கு என்று சொல்ல வேண்டும். பிறகு துருப் பிடித்த துண்டுகள் மண்ணெண்ணெயில் ஊறும். ரேஷன் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கா மெஷினுக்கா என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள். மில் கழிவுப் பஞ்சால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பேரிங் மாற்றி, கடைசியில் பச்சைப் பெயிண்ட். எங்கள் வீட்டில் ஜன்னல் கம்பி, சைக்கிள், தொட்டில் கொக்கி எல்லாமே அந்த ஒரே பச்சை. அந்தப் பெயிண்ட் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மில் மெஷின்களுக்கும் அதே பச்சைதான்.

எனக்கு அந்தக் கொட்டகை மிகவும் பிடிக்கும். பழைய மோட்டார் பல மாதங்களுக்குப் பிறகு முதல்முறை சுற்றும்போது ஒரு வாசனை வரும், தீய்ந்த தூசியும் எண்ணெயும் கலந்த வாசனை. அதற்காகவே காத்திருப்பேன். வேங்கைத் தூள் பறந்தால் இருவரும் மாறி மாறித் தும்முவோம். சாணை மெஷின், ரம்ப மேஜை, துளை போடும் மெஷின் என்று மூன்று வந்துவிட்டன. பலகையை வழவழப்பாக்கக் கையில் பிடித்து ஓட்டும் இழைப்பு மெஷின் மட்டும் கிடைக்கவில்லை. அது வெளிநாட்டுச் சாமான். அப்பா அதைப் படத்தில்தான் பார்த்திருந்தார்.

அந்த வருடம் கோடை விடுமுறையில், வில்லிபுத்தூரில் ஒரு வீட்டில் அது இருப்பதாக மில் ஃபிட்டர் ஒருவர் சொன்னார். வீட்டுக்காரர் துபாயில் தச்சு வேலை பார்த்துத் திரும்பியவர், இறந்துவிட்டார், சம்சாரம் விற்கப் பார்க்கிறாள் என்றார். அடுத்த ஞாயிறு நாங்கள் போனோம்.

தேர் நிற்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து. ஒற்றை அறையும் அடுப்படியும் உள்ள வீடு. அந்த அம்மாளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். அடுப்படி நிலைப்படியில் என் வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே" என்று பாய் போட்டாள் அந்த அம்மாள். "அவிய இங்கன வந்து பட்டறை போடணும்னுதான் எல்லாம் வாங்கியாந்தாக. ஏழு மாசத்துல மஞ்சக்காமாலை கொண்டு போயிருச்சு. ரெண்டு மெஷினை அவிய தம்பி பாத்துட்டுத் தாரேன்னு எடுத்துட்டுப் போனாரு. இன்னும் பாத்துக்கிட்டேதான் இருக்காரு. இது ஒண்ணுதான் மிச்சம்."

நீலத் தகரப் பெட்டி. உள்ளே துண்டில் சுற்றி வைத்திருந்தாள். அப்பா துண்டைப் பிரித்ததும் அவர் மூச்சு ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லாத மெஷின்.

"ஓடுமா தாயி?"

"அவிய இருக்கையில பிளக்கு முள்ளுல வயரைச் சுத்தி ஓட்டுனாக. பொறவு யாரும் தொடலை. அந்த பிளக்கு நம்ம ஊரு சாக்கெட்டுல போகாது."

அது உண்மை. சதுர முள் வைத்த பிளக். அப்பா அதைக் கழற்றி வயரைச் சீவினார். பிறகு மெஷினின் இரண்டு பக்கமும் இருந்த வட்ட மூடிகளைத் திருகி, உள்ளே இருந்த கார்பன்களை எடுத்து என் கையில் கொடுத்தார். "கீழ போட்டிராத" என்றார். மோட்டாருக்குக் கரண்டைக் கொண்டுபோவது அந்தக் கரித்துண்டுகள்தான். அரை ரப்பர் அளவு இருக்கும், பின்னால் ஒரு ஸ்பிரிங் வால். இரண்டும் இருந்தால்தான் மெஷின் ஓடும். இது எனக்கே தெரியும். இட்லித் தட்டில் இவற்றுக்குத் தனிக் குழி உண்டு.

உள்ளே ஊதித் தூசி தட்டிவிட்டு, என் கையிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டார். மறுபக்கத்து மூடியையும் திருகினார். வயரைச் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சியால் இறுக்கி, பொத்தானை அழுத்தினார்.

ஓடவில்லை.

என் உள்ளங்கையில் ஒரு கார்பன் மிச்சம் இருந்தது. "அப்பா" என்று கையை நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். அந்த அம்மாளைப் பார்த்தார். அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், என் கையை அல்ல. அப்பா என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். "கையைக் கரியாக்கிக்கிடாத பாப்பா" என்றார்.

பிறகு அவளிடம் திரும்பினார். "மோட்டாருக்குள்ள ஆர்மேச்சர் காயில் எரிஞ்சிருக்கும் போல தாயி."

முதலில் அது மறதிதானா, இல்லை வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மறதி என்று நினைத்துக்கொள்ளத்தான் ஆசை. நான் கையை நீட்டிய பிறகு அது மறதி இல்லை.

"ஓடவே ஓடாதாண்ணே?"

"ஜப்பான் சரக்கு. இதுக்குக் காயில் சுத்த இந்தப் பக்கம் ஆளு கிடையாது. உதிரிச் சாமானுக்கு வேணும்னா எடுத்துக்கிடுதேன்."

அவள் கேட்க நினைத்திருந்தது அப்பாவின் ஒரு மாதச் சம்பளம் இருக்கும். அப்பா கொடுத்தது அதில் கால்வாசி. "நீங்க பாத்துக் குடுத்தாச் சரிதான்" என்று வாங்கிக்கொண்டாள். வாங்கியதிலிருந்து மகளிடம் சில்லறை கொடுத்து, எங்களுக்கு இரண்டு பாட்டில் கலர் சோடா வாங்கிவரச் சொன்னாள். இடது கையில் பாட்டிலைப் பிடித்துக் குடித்தேன். வலது கை மூடியே இருந்தது.

எனக்கு அப்போது வெட்கமாக இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. பெருமையாக இருந்தது. அப்பாவும் நானும் கூட்டு. ஒரு பார்வையில் புரிந்துகொண்டேன் என்ற கர்வம். இதைச் சொல்லத்தான் கூசுகிறது.

வாசலில் செருப்பு மாட்டும்போது அப்பா சட்டென்று நின்றார். "இனிமே எப்பிடித் தாயி காலம் தள்ளப் போற?" என்று கேட்டார். கூலி வேலைக்குப் போவேன் என்றாள். "எங்க மில்லுல நூல் கோன் சுத்துற செக்சனுக்குப் பொம்பளையாளு எடுக்காங்க. நான் கேட்டுச் சொல்லுதேன்" என்றார். அவள் கும்பிட்டாள். பஸ் ஸ்டாண்டில் எனக்குக் கால் கிலோ பால்கோவா வாங்கித் தந்தார். அவர் வாயில் வைக்கவில்லை. முழுவதையும் நானே தின்றேன்.

வீட்டுக்கு வந்து கார்பனைப் போட்டதும் மெஷின் ஓடியது. ஓடியது என்று சொன்னால் போதாது. அப்படியொரு சத்தத்தை நாங்கள் கேட்டதில்லை, இழுத்துப் பிடித்த ஒரே சுருதி. வேங்கைப் பலகையின் மேல் அப்பா அதைத் தள்ளியதும், பட்டுத் துணி போலச் சீவல் சுருண்டு சுருண்டு என் காலில் விழுந்தது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரர் மதில் மேல் எட்டிப் பார்த்து, "பாக உந்தி, பாக உந்தி" என்று தெலுங்கில் மெச்சினார். "செத்த மெஷினுக்கு உசுரு குடுத்துட்டீகளே!" அப்பா சிரித்தார். தெருவில் அவருக்கு நல்ல பெயர். கைராசிக்காரர் என்று அம்மாவே பூரித்துப்போனாள்.

அப்பா சொன்னபடியே செய்தார். லேபர் ஆபீசில் நாலைந்து முறை போய் நின்று, அந்த அம்மாளுக்கு வேலை வாங்கிக் கொடுத்துவிட்டார். ஜூன் மாதம் தாயும் மகளும் ராஜபாளையத்துக்கே குடிவந்தார்கள். மில்லுக்குப் பின்னால் வரிசை வீட்டில் ஓர் அறை. மகள் எங்கள் பள்ளிக்கூடத்தில், என் வகுப்பில், என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

அப்பாவை அண்ணன் என்று கூப்பிட்டதால் அந்த அம்மாள் எனக்கு அத்தை ஆனாள். அம்மாவை அவள் மதினி என்றாள். முதல் மாதச் சம்பளம் வாங்கியதும் ஒரு சிப்பம் கருப்பட்டியோடு வீட்டுக்கு வந்தாள். அப்பா கொட்டகையில் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். அத்தை முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணே, இது எங்க மெஷினா?"

அப்பா நிறுத்தினார். "ஆமா தாயி. ஒருவழியா... சரி பண்ணியாச்சு."

"அவிய கையில ஓடுன அதே சத்தம்ணே" என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு அம்மாவிடம் சொன்னாள். "அவிய போன பொறவு எங்ககிட்ட எல்லாரும் புடுங்கத்தான் வந்தாக மதினி. சொந்தத் தம்பியே புடுங்குனாரு. அண்ணன் ஒருத்தர்தான் ஓடாத சாமானுக்குத் துட்டும் குடுத்து, வேலையும் வாங்கிக் குடுத்தாரு." அப்பா குனிந்து மரச் சீவலைக் கையால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார். ஒதுக்க அங்கே அவ்வளவு சீவல் இல்லை.

என் பெஞ்சுக்காரி அதிகம் பேசமாட்டாள். மதியம் அவளுடைய புளிச்சோற்றையும் என் தயிர்ச்சோற்றையும் மாற்றிக்கொள்வோம். ஒருநாள் சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்டாள். "எங்கப்பா மெஷினு ஓடுதாமே. அதுல என்ன போயிருந்துச்சு?"

"ஆர்மேச்சர்" என்றேன்.

"அப்பிடியா" என்றாள். என் டப்பாவிலிருந்து ஊறுகாயை எடுத்துக்கொண்டாள்.

அப்பாவுக்கு அந்த மழைக்காலம் முழுவதும் இருப்புக்கொள்ளவில்லை. இப்போது எனக்குப் புரிகிறது. அப்போது அம்மாவுக்கு வேறு மாதிரி புரிந்தது. அப்பா அத்தை வீட்டுக்கு ஒரு பலகைக் கட்டில் செய்து கொடுத்தார். அடுத்து என் பெஞ்சுக்காரிக்குப் படிக்கிற மேஜை. நல்ல வேங்கை, இழுப்பறை வைத்து, அந்த மெஷினாலேயே இழைத்தது. காசு வாங்கவில்லை. சைக்கிள் கேரியரில் கட்டி, தெரு பார்க்கத் தள்ளிக்கொண்டு போனார்.

"நான் ஒரு சாமான் அலமாரி கேட்டு மூணு வருசமாச்சு" என்றாள் அம்மா. "எனக்கு இல்லாத மரம் அவளுக்கு எங்கயிருந்து வந்துச்சு?"

அப்பா பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். நான் அவளை ஏமாற்றிவிட்டேன், மனசு அறுக்கிறது என்று ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைதான் அவரால் முடியாததாக இருந்தது. தெருவே கைராசிக்காரர் என்று சொல்லும் மனிதர், பெண்டாட்டி முன்னால் திருடனாக நிற்க வேண்டுமே. அவர் மௌனம் அம்மாவுக்கு வேறொன்றைச் சொன்னது. குழாயடியில் யாரோ இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள். தாலி இல்லாதவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தால் ஊர் சொல்லத்தானே செய்யும்.

ஒரு சனிக்கிழமை, எங்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பகல் சிப்ட் முடியும் நேரத்துக்கு அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மில் வாசலுக்குப் போனாள். சங்கு ஊதியது. பெண்கள் தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டு கும்பலாக வெளியே வந்தார்கள். அத்தை எங்களைப் பார்த்துச் சிரித்தபடி வந்தாள்.

"என்ன மதினி, இம்புட்டுத் தூரம்?"

அம்மா பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. எழுதினால் அம்மாவுக்கு அவமானம். சத்தமாகப் பேசினாள். வெளியே வந்த பெண்கள் நின்றார்கள், டீக்கடைக்காரர் நின்றார், வாட்ச்மேன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தைக்கு முதலில் விளங்கவே இல்லை. விளங்கியபோது அவள் முகம் வெளுத்தது.

"மதினி, சத்தியமா அப்பிடியெல்லாம் இல்லை மதினி. அவரு எனக்கு அண்ணன்."

"அண்ணனா? எவளுக்கு எவன் சும்மா இம்புட்டும் செய்யுதான்? காரணம் இல்லாமலா?" அம்மா என்னைத் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள். "ஏட்டி, நீயும் அன்னைக்கு வில்லிபுத்தூருக்குக் கூடப் போனவதான? உங்கப்பா எதுக்கு இவளுக்கு இப்பிடிச் செய்யுதாருன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா? சொல்லு!"

அத்தை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு தெம்பு வந்தது. பிள்ளை சொல்லிவிடும் என்ற நம்பிக்கை. "சொல்லு பாப்பா" என்றாள். "உள்ளதைச் சொல்லு."

அந்த நேரத்தில் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வந்துவிட்டார். கும்பலைப் பார்த்தார். அம்மாவை, அத்தையை, கடைசியில் என்னைப் பார்த்தார். வில்லிபுத்தூரில் என் கையைப் பார்த்த அதே பார்வை. பிறகு சைக்கிளைத் திருப்பி மில்லுக்குள்ளேயே போய்விட்டார்.

எனக்குத் தெரியும். அங்கே நின்ற அத்தனை பேரிலும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"எனக்குத் தெரியாது" என்றேன்.

அம்மா என்னை விட்டாள். அத்தை சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கும்பலுக்கு நடுவே நடந்து போனாள். யாரும் அவளோடு போகவில்லை.

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்து என் பெஞ்சுக்காரி அவளுடைய தாய்மாமனோடு டிசி வாங்க வந்தாள். கான்சாபுரத்தில் அம்மாச்சி வீட்டுக்குப் போகிறார்களாம். மாமா ஆபீஸ் அறையில் இருக்கும்போது அவள் குடிதண்ணீர்த் தொட்டிப் பக்கம் வந்தாள். நான் அங்கே நின்றிருந்தேன்.

"அன்னைக்கு நீ கையை மூடிக்கிட்டத நான் பாத்தேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "கலர் குடிக்கையிலயும் ஒரு கையாலதான் குடிச்ச."

நான் கேட்டேன். "ஏன் சொல்லலை உங்கம்மாகிட்ட?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். பொறவு வேலை வந்துச்சு. எங்கம்மா வாரவுக போறவுககிட்ட எல்லாம் உங்கப்பாவைப் பத்தியே சொல்லிக்கிட்டு இருந்தா. அம்புட்டு சந்தோசமா. கெடுக்க மனசு வரலை."

மாமா கூப்பிட்டார். அவள் போய்விட்டாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் ஐந்து மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் டப்பாவில் சாப்பிட்டிருக்கிறாள். ஆர்மேச்சர் என்று நான் சொன்னபோது ஊறுகாய் எடுத்துக்கொண்டதும் தெரிந்துதான்.

அந்த மேஜையையும் கட்டிலையும் அவர்கள் எடுத்துப் போகவில்லை. காலி அறையில் அப்படியே கிடந்ததாக வீட்டுக்காரர் வந்து சொன்னார். அப்பா போய் எடுத்துவரவும் இல்லை. நீலப் பெட்டியைக் கேரியரில் வைத்துக்கொண்டு ஒருநாள் எங்கோ கிளம்பினார். சாயங்காலம் பெட்டியோடுதான் திரும்பினார். கான்சாபுரம் வரை போனாரா, பஸ் ஸ்டாண்டிலேயே திரும்பினாரா, நான் கேட்கவில்லை. அதன்பின் அந்த மெஷினை அவர் ஓட்டவில்லை. சில வருடம் கழித்துத் தென்காசிப் பக்கத்து ஆள் ஒருவருக்கு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். கொட்டகையில் விறகு அடுக்கினோம். அப்பாவும் நானும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

அம்மா அவரோடு குடித்தனம் நடத்தினாள். சோறு போட்டாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்தாள். ஆனால் முகம் பார்த்துப் பேசுவது போய்விட்டது. நான் கல்யாணமாகிப் போகும்வரை அந்த வீட்டில் பாதிப் பேச்சு என் வழியாகத்தான் நடந்தது. "உங்கப்பாட்ட சொல்லு." "உங்கம்மாட்ட கேளு." நான் சொல்லிக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருந்தேன், சொல்ல வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு.

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் போன மறுநாள் மதியம், அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள். "கடைசி வரைக்கும் அவளைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாத்தியா, உங்கப்பா."

அப்போதுதான் சொன்னேன். என் மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா என் கையில் கொடுத்தது, நான் நீட்டியது, அவர் மூடியது, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வெற்றிலையைப் போடவே இல்லை. "அம்புட்டுத்தானா?" என்றாள். "இதுக்கா நான் அந்தப் பொம்பளையை நடுரோட்டுல வச்சு..." பிறகு என்னைப் பார்த்தாள். "அன்னைக்கு உங்கிட்டக் கேட்டேன்ல."

"ஆமாம்மா, கேட்ட."

அடுத்த வாரம் அம்மாவே கிளம்பினாள். வில்லிபுத்தூரில் பஸ் மாறி, வத்திராயிருப்பு ரோட்டில் போனோம். கான்சாபுரத்தில் விசாரித்தால் பள்ளிக்கூடத்தைக் காட்டினார்கள். அத்தை அங்கே சத்துணவு சமைக்கிறாளாம். மகள் பக்கத்திலேயே பால்வாடியில் வேலை பார்க்கிறாளாம்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சமையல் கூடம். ஓலைப் பந்தலுக்குக் கீழே ஒரு பெண் குனிந்து பருப்பு அரித்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. நிழல் தெரிந்து நிமிர்ந்தவள் அம்மாவைப் பார்த்தாள். உடனே எழுந்து நின்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அம்மா வாயைத் திறக்கும் முன்பே சொன்னாள்:

"நான் ஒரு தப்பும் பண்ணலை மதினி."

வாருங்கள் என்றோ, என்ன விஷயம் என்றோ கேட்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து வந்த முதல் பேச்சு அதுதான். அம்மா அப்படியே அந்த மண்தரையில் உட்கார்ந்து, அவள் காலைப் பிடிக்கப் போனாள். அத்தை பின்னால் நகர்ந்துகொண்டாள். அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடீ" என்று அழுகையோடு என்னைத் தள்ளினாள்.

சொன்னேன். இருபத்தைந்து வயதுப் பெண், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னேன். அத்தை பருப்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"கரித்துண்டா?"

"ஆமா அத்தை."

"அதைப் போட்டதும் ஓடிருச்சா?"

"ஓடிருச்சு."

"அண்ணனா இதைச் செஞ்சாரு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு, "போகுது. அவிய தம்பி கொண்டு போனதுக்கு முன்னால இது எம்புட்டு" என்றாள்.

அத்தோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். உள்ளூர அந்த நிம்மதிகூட எனக்கு வந்துவிட்டது. அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

"மில்லு வாசல்ல நான் உன்னையத்தான பாத்தேன் பாப்பா. நான் அப்பிடிப்பட்டவ இல்லைன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சுதான் தெரியாதுன்னு சொன்னியா?"

அப்பா பார்த்தார் என்று சொல்லியிருக்கலாம். சின்னப் பிள்ளை, பயந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் பொய் இல்லை. அவள் முகத்துக்கு முன்னால் இரண்டும் வாயில் வரவில்லை.

"ஆமா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். உள்ளே அடுப்பில் உலை பொங்கும் சத்தம் கேட்டது. "சோறு வடிக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நாங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு ஓடிவந்து வரிசையில் உட்கார்ந்தார்கள். அத்தை வாளியும் கரண்டியுமாக வந்து பரிமாறினாள். எங்கள் பக்கம் திரும்பவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டு, தட்டைக் கழுவி, வகுப்புக்குப் போனார்கள். அவள் உள்ளே போனவள் வெளியே வரவில்லை. பால்வாடியிலிருந்து என் பெஞ்சுக்காரி வந்தாள். உடம்பு பருத்திருந்தாள், இடுப்பில் ஒரு குழந்தை. எங்களைப் பார்த்ததும் என்ன நடந்திருக்கும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. சமையல் கூடத்துக்குள் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தாள்.

"அம்மா வரமாட்டா" என்றாள். "மூணு மணிக்கு ஒரு பஸ்ஸு இருக்கு. அதை விட்டா அஞ்சரைக்குத்தான்."

ரோடு வரை கூடவே வந்தாள். பஸ் வரும்வரை நின்றாள். அம்மா அவள் குழந்தையின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினாள், பிறகு மடக்கிக்கொண்டாள். பஸ் வந்தது. நாங்கள் ஏறினோம்.